வல்லூறு மேல் பழி, கூண்டில் ஓட்டை

மொரீஷியஸின் கிராண்ட் போர்ட் மாவட்டத்தில், மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், அப்படியே ஆகட்டும். நீளமான கடிதம். சுருக்கமாகச் சொல்கிறேன்.

கணவர் காலமான பிறகு பொழுது போவதற்கும் கைச்செலவுக்கும் நாட்டுக்கோழி வளர்க்கிறார். தை மாதத் தொடக்கத்தில் குஞ்சும் கோழியுமாகப் பத்தொன்பது இருந்தன. இப்போது மிச்சம் எட்டு. கூண்டு கணவர் கட்டியது. மேலே தகரம், நான்கு பக்கமும் கோழிவலை, மண் தரை, ஒரே ஒரு கொக்கி போட்ட கதவு. பின்வேலியைத் தாண்டினால் கரும்பு. வேலிக்கும் கரும்புக்கும் நடுவே, அந்தக் காலத்தில் வயலைத் திருத்தியபோது பொறுக்கிப் போட்ட கருங்கல் குவியல் ஒன்று.

காவடிக்குக் கொடியேறியதும் வீட்டில் எல்லோரும் விரதம். அந்தப் பத்து நாளும் முட்டையை யாரும் தொடவில்லை. 'கோழியே அடைகாத்துக் கொள்ளட்டும்' என்று பெட்டியிலேயே விட்டுவிட்டார்கள். பூசம் முடிந்து பார்த்தால் உடைந்த ஓடுகள். அதன்பின் பட்டப்பகலில் ஐந்து குஞ்சுகள் காணாமல் போயின. ஒரு பெட்டை கழுத்தில் கடிபட்டுச் செத்துக் கிடந்தது, இன்னொன்று காயத்தோடு தப்பியது. இரண்டு வாரம் கழித்து ஓர் இரவில் நான்கு பெட்டைகள் செத்துச் சிதறிக் கிடந்தன. ஒன்றைக்கூட எதுவும் தின்னவில்லை. வலை அடிப்பக்கம் கிழிந்திருந்தது. கடைசியாக, முனீஸ்வரனுக்கு நேர்ந்துவிட்டிருந்த சிவப்புச் சேவல். ஒருநாள் காலையில் அது இல்லை. இறகு இல்லை, ரத்தம் இல்லை, கதவுக் கொக்கி போட்டது போட்டபடி இருந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் மாமரத்தில் வந்து உட்காரும் வல்லூறுதான் என்பது அவருடைய முடிவு. அக்கம்பக்கத்தாரும் அதையே சொல்கிறார்களாம். அண்ணன் மகன் ஏர்கன்னால் சுட்டுத் தருகிறேன் என்கிறான். மருமகன் முட்டைக்குள் விஷம் வைக்கலாம் என்கிறார். மகளோ 'கோழியே வேண்டாம் விடும்மா' என்கிறாள். 'டாக்டர் தம்பி, நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்' என்று முடித்திருக்கிறார்.

அம்மா, முதலில் ஏர்கன்னை உள்ளே வைக்கச் சொல்லுங்கள். விஷத்தைப் பற்றி அப்புறம் பேசுகிறேன், அதுவும் வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன். கோழியை விட்டுவிடவும் தேவையில்லை. ஒரு கால்நடை மருத்துவனாக உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தபோது எனக்குத் தெரிந்தது இதுதான்: உங்கள் வீட்டில் நடந்தவை மூன்று வேறு வேறு சம்பவங்கள். மூன்றையும் ஒரே ஆள் செய்திருக்க முடியாது.

வந்தது யார்?

கொலையைப் பார்க்கவில்லை என்றாலும் நேரமும் உடலும் சாட்சி சொல்லும். பகலில் நடந்ததா, இரவிலா? தின்றிருக்கிறதா, கொன்று போட்டிருக்கிறதா? எங்கே கடி? இந்த மூன்று கேள்விக்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. நீங்கள் மூன்றுக்கும் பதிலை நீங்களே எழுதிவிட்டு, பழியை மட்டும் மாமரத்தின் மேல் போட்டுவிட்டீர்கள்.

முதல் சம்பவம்: உடைந்த முட்டை, காணாமல் போன குஞ்சுகள், கழுத்தில் கடி, எல்லாம் பகலில். இது கீரியின் வேலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நம் தீவுக் கீரி இந்தியாவிலிருந்து வந்தது. 1899-இல் இங்கே பிளேக் பரவியதையடுத்து, எலியை ஒழிக்கட்டும் என்று 1900 வாக்கில் கொண்டுவந்து விட்டார்கள். எலி இன்றும் இருக்கிறது, கீரியும் இருக்கிறது. கீரி பகலில் இரை தேடும், இருட்டியதும் பொந்துக்குள் போய்ப் படுத்துவிடும். முட்டையின் ஒரு முனையைக் கடித்து உடைத்து நக்கிவிட்டு வெறும் ஓட்டை மட்டும் அங்கேயே போட்டுவிட்டுப் போகும். பெரிய கோழி என்றால் தலைக்குப் பின்னால், கழுத்தில் பிடிக்கும். அதற்கு உங்கள் வீட்டுக் கல்குவியலைவிட நல்ல வீடு கிடைக்காது. பிப்ரவரியில் கரும்பு ஆள் உயரத்துக்கு நிற்கும். குவியலிலிருந்து உங்கள் வேலி வரை யார் கண்ணிலும் படாமல் வரலாம், போகலாம்.

முட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. விரதத்தில் குறை சொல்லவில்லை. ஆனால் பத்து நாள் முட்டை பெட்டியில் சேர்ந்து கிடந்தது கீரிக்கு வைத்த விருந்து. முட்டைக்கு வந்து பழகியதுதான் பிறகு குஞ்சுக்கும் வந்தது. அடுத்த வருடம் விரத நாட்களிலும் காலை ஒரு தரம், மாலை ஒரு தரம் முட்டையை எடுத்துவிடுங்கள். சாப்பிடாதவர்கள் எடுக்கக் கூடாது என்று எந்தச் சாமியும் சொல்லவில்லை. விரதம் இல்லாத பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் போயிற்று.

குஞ்சுகளைப் பூனை தூக்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு. சந்தேகம் தீர ஒரு வழி: சாயங்காலம் கூண்டைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குச் சாம்பலோ கோலமாவோ சலித்துத் தூவுங்கள். காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம் பாருங்கள். கீரிக்கு ஐந்து விரல், நகத் தடமும் விழும். பூனைக்கு நான்கு விரல், வட்டமான தடம், நகம் பதியாது. நாய்க்கும் நான்கு விரல்தான், ஆனால் நகம் பதியும், அளவும் பெரிது. தடத்தின் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துப் போன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அளவு தெரியும், பின்னால் யாரிடம் காட்டவும் உதவும்.

இரண்டாவது சம்பவம்: இரவு, நான்கு கோழி, எதையும் தின்னவில்லை, வலை கிழிந்திருக்கிறது. இது நாய். பசிக்கு வரும் மிருகம் ஒன்றைக் கொன்று தூக்கிக்கொண்டு போகும். நாய்க்குக் கோழி படபடத்து ஓடுவதே விளையாட்டு. அசைவது எல்லாம் நிற்கும் வரை விடாது. கோழிவலையைப் பல்லால் இழுத்துக் கிழிக்கும் பலமும் அதற்கு உண்டு. கீரி வலையைக் கிழிக்காது, ஓட்டை தேடும்.

மூன்றாவது, சேவல். அம்மா, இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது. ஒரு நல்ல சேவலைக் கீரியோ பூனையோ நாயோ பிடித்தால் முற்றத்தில் இறகு பறக்காமல் இருக்காது. அதிலும், போகும்போது கொக்கியைத் திரும்ப மாட்டிவிட்டுப் போகும் மிருகம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அதற்கு இரண்டு கால். யார் என்று தேட வேண்டாம், ஊரில் மனக்கசப்புதான் மிஞ்சும். கூண்டுக்குப் பூட்டு வேண்டும் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் எலியைச் சேர்க்கவில்லை, உங்கள் கடிதத்தில் அதற்கான அடையாளம் இல்லை. ஆனால் ஜூன் வாக்கில் கரும்பு வெட்டு தொடங்கியதும் வயலில் இருந்த எலியெல்லாம் வீட்டுப் பக்கம் வரும். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது, கம்பில் உட்கார்ந்தபடி அசையாமல் இருக்கும். அப்போது காலையும் பின்பக்கத்தையும் எலி கடித்துவிடும். சின்னக் குஞ்சை இழுத்துக்கொண்டே போய்விடும். கூண்டை இப்போது சரிசெய்யும்போதே அதையும் மனதில் வையுங்கள்.

வல்லூறைப் பற்றி

நீங்கள் பார்த்த பறவைக்கு முதுகு செம்பழுப்பு, வெள்ளை நெஞ்சில் கருப்புப் புள்ளிகள் என்று எழுதியிருக்கிறீர்கள். சரியாகப் பார்த்திருக்கிறீர்கள், அது கிரெசரெல்தான், நம் தீவின் வல்லூறு. இது உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. எடை 200 கிராம் சுற்றி இருக்கும். உங்கள் பெட்டைக்கோழி ஒன்றரைக் கிலோவாவது இருக்கும். அது இதைத் தூக்குவது நடக்காத காரியம். அதன் முக்கியமான இரை பச்சைப் பல்லி, பூச்சி, சின்னப் பறவை. பொரித்து ஓரிரு நாளான குஞ்சு திறந்த வெளியில் திரிந்தால் எப்போதாவது ஒன்றைக் கொத்திக்கொண்டு போகலாம், அதை மறுக்க மாட்டேன். உங்கள் ஐந்து குஞ்சில் ஒன்று அப்படிப் போயிருக்கவும் கூடும். ஆனால் கழுத்தில் பல் பட்ட காயத்தோடு செத்த கோழிக்கும் இரவில் செத்த நான்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வல்லூறு இரவில் வேட்டையாடாது, அதற்குப் பல்லும் கிடையாது.

இந்தப் பழி புதிதல்ல. பழைய காலத்திலேயே அதற்குக் 'கோழி தின்னி' என்று பிரெஞ்சில் பெயர் வைத்துச் சுட்டார்கள். காடு அழிந்தது, மலேரியாவுக்கு அடித்த டிடிடி மருந்து சேர்ந்துகொண்டது, கீரியும் பூனையும் குரங்கும் தம் பங்குக்குச் செய்தன. 1974-இல் காட்டில் அறியப்பட்டவை நான்கே நான்கு பறவைகள். பிறகு பறவைப் பாதுகாப்பு ஆய்வாளர் கார்ல் ஜோன்ஸும் அவரோடு இருந்தவர்களும் முட்டையை எடுத்து வந்து பொரிக்க வைத்து, வளர்த்து, 300-க்கும் மேற்பட்ட பறவைகளைக் காட்டில் விட்டார்கள். 1980-களின் பிற்பகுதியில் உங்கள் பக்கத்து பம்பூ (Bambous) மலைத்தொடரிலும் விட்டார்கள். உங்கள் மாமரத்தில் உட்காருவது அவற்றின் வாரிசாக இருக்கலாம். 2022-இல் அதைத் தேசியப் பறவையாகவும் அறிவித்தார்கள்.

சட்டமும் இதில் தெளிவு. 2015-ஆம் ஆண்டின் உள்நாட்டு உயிரினப் பன்மைச் சட்டம் வல்லூறைப் பாதுகாக்கிறது. சுட்டாலும், பிடித்தாலும், கூட்டைக் கலைத்தாலும் குற்றம். 'என் கோழியைக் காப்பாற்றத்தான் செய்தேன்' என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று அண்ணன் மகன் நினைத்தால், அந்த நினைப்பை இப்போதே விடச் சொல்லுங்கள். கோழியோ உங்களுக்கு, வழக்கோ அவனுக்கு. வல்லூறு கூடு கட்டியிருக்கிறதோ என்று தோன்றினால் தேசியப் பூங்கா மற்றும் பாதுகாப்புச் சேவை அலுவலகத்தில் சொல்லுங்கள், வந்து பார்ப்பார்கள்.

விஷம் வைக்கலாமா?

கூடாது. முட்டைக்குள் வைத்த விஷத்துக்கு யார் வாய் வைக்கிறார்கள் என்று நம்மால் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு நாய், தெருப் பூனை, உங்கள் கோழியே கூட. கோழி உடைந்த முட்டையைத் தின்னாது என்று நினைக்காதீர்கள், ருசி கண்டால் விடாது. வீட்டில் பேரப்பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எலி மருந்தும் இதே கதைதான். பெரும்பாலான எலி மருந்து ரத்தத்தை உறைய விடாமல் மெதுவாகக் கொல்லும். அதைத் தின்று தள்ளாடும் எலியைப் பிடித்துத் தின்ற பூனையும் பறவையும் பின்னாலேயே போகும். விலங்கைத் துடிக்க வைத்துக் கொல்வது 2013-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படியும் குற்றம். மருமகனுக்கு இதைப் பதமாகச் சொல்லுங்கள், நல்லது நினைத்துத்தான் சொல்லியிருக்கிறார்.

கீரியைக் கூண்டுப் பொறியில் பிடிக்கலாமா என்று கேட்பீர்கள். வல்லூறுக்கு உள்ள பாதுகாப்பு கீரிக்கு இல்லை. காட்டுப் பறவைகளைக் காப்பாற்ற அதிகாரிகளே பொறி வைத்துப் பிடிக்கிறார்கள். ஆனால் பிடித்த கீரியை என்ன செய்வீர்கள்? வேறு ஊரில் கொண்டுபோய் விட்டால் அந்த ஊர்க் கோழிக்குக் கேடு, காட்டில் விட்டால் காட்டுப் பறவைக்குக் கேடு. வெயிலில் பொறிக்குள் அரை நாள் கிடந்தால் அது செத்தும் போகும். உங்கள் இடத்தில் ஒன்றைப் பிடித்தால் கரும்பிலிருந்து அடுத்தது வரும் என்பதையும் யோசியுங்கள். அந்த உழைப்பைக் கூண்டில் போடுங்கள் என்பதே என் எண்ணம். கட்டாயம் பிடிக்கத்தான் வேண்டும் என்றால் தனியாகச் செய்யாமல் அதிகாரிகளிடம் கேட்டுச் செய்யுங்கள்.

கூண்டில் எதை மாற்றுவது?

உங்கள் கணவர் கட்டிய கூண்டை இடிக்க வேண்டாம். சட்டமும் தகரமும் நன்றாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். குறை வலையில், தரையில், கதவில்.

முதலில் வலை. அறுகோணக் கண்ணுள்ள கோழிவலை, கோழியை உள்ளே வைத்துக்கொள்ளத்தான். வெளியே இருப்பதைத் தடுக்க அது ஆகாது. கம்பி மெல்லிசு, கண் பெரிசு. இரண்டு விரல் தாராளமாக நுழையும் இடம் கீரிக்குட்டிக்கு வாசல். ஹார்ட்வேர் கடையில் வெல்ட் செய்த கம்பி வலை, துத்தநாகம் பூசியது, அரை அங்குலக் கண் என்று கேளுங்கள். ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் கண். கம்பி ஒரு மில்லிமீட்டராவது கனமாக இருக்கட்டும். கூண்டு முழுக்க மாற்றக் கை கடிக்கும் என்றால், தரையிலிருந்து மூன்று அடி உயரம் வரையும் கோழி தூங்கும் பகுதியைச் சுற்றியும் இதைப் போடுங்கள். மேலே பழைய வலையே இருக்கட்டும், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஓடி ஏறும் மரக்கிளை கூண்டுக்கு மேல் நீண்டிருந்தால் அதை இப்போதே வெட்டிவிடுங்கள், பூனை அந்த வழியாக இறங்கும்.

வலையை வெறும் ஸ்டேப்பிள் ஆணியால் அடித்தால் நாய் ஓர் இழுப்பில் பிடுங்கிவிடும். மரச்சட்டத்தில் வலையை வைத்து, அதன்மேல் நீளமான மெல்லிய மரத்துண்டு ஒன்றை வைத்து ஸ்க்ரூ போட்டு இறுக்கச் சொல்லுங்கள். இரண்டு துண்டு சேரும் இடத்தில் நான்கு விரல் அகலத்துக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும். வேலை முடிந்ததும் உங்கள் கையாலேயே ஒவ்வோர் இடமாக இழுத்துப் பாருங்கள். உங்கள் கைக்கு அசைந்தால் நாயின் வாய்க்கு வந்துவிடும்.

அப்புறம் தரை. நாயும் கீரியும் தோண்டும். புத்தகத்தில் ஓர் அடி ஆழம் வலையைப் புதைக்கச் சொல்வார்கள். நம் எரிமலைக் கல் தரையில் அது நடக்கிற கதையா? அதைவிட எளிதான வழி, கூண்டின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக, ஒன்றரை முதல் இரண்டு அடி அகலத்துக்கு அதே கம்பி வலையைத் தரையிலேயே பாவாடை மாதிரி விரித்து, சுவரோடு சேர்த்துக் கட்டி, மேலே கல்லை அடுக்குங்கள். தோண்ட வரும் மிருகம் சுவருக்கு ஒட்டினாற்போலத்தான் தோண்டும். கம்பி தட்டியதும் விட்டுவிடும், இரண்டடி பின்னால் போய்த் தோண்டும் புத்தி அதற்கு வராது. கல்லுக்கு நீங்கள் அலைய வேண்டியதில்லை, வேலிக்கு வெளியே கிடக்கிறது. அந்தக் குவியல் நிலம் உங்களுடையதா, தோட்டக்காரருடையதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். குவியல் குறையக் குறையக் கீரிக்கும் இடம் குறையும். கல்லைப் புரட்டும்போது கனமான செருப்பும் கையுறையும் போடுங்கள், தேளும் பூரானும் இருக்கும். இதோடு, சுற்றிலும் ஒரு வரிசை சிமெண்ட் பிளாக் வைத்து அதன்மேல் சட்டத்தை ஏற்ற முடிந்தால் மழைத் தண்ணீரும் உள்ளே வராது, மரமும் உளுக்காது.

கதவுக்கு ஒரு கொக்கி போதாது. மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள், ஒன்றில் பூட்டு. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல் நுழையும் சந்து இருந்தால் ஒரு பட்டை அடித்து மூடுங்கள். மலையடிவாரத்தில் குரங்கும் இறங்கி வரும் என்பதால் கொக்கியை மட்டும் நம்பவே வேண்டாம், அதற்குக் கை இருக்கிறது.

உள்ளே கோழி அடையும் கம்பைப் பாருங்கள். வலைக்கு ஒட்டினாற்போல் இருந்தால் ஓர் அடியாவது உள்ளே தள்ளி வையுங்கள். தூங்கும் கோழியின் காலையோ இறக்கையையோ வலை வழியாகவே பிடித்து இழுத்துவிடும் மிருகங்கள் உண்டு. காலையில் பார்த்தால் கூண்டு அப்படியே இருக்கும், கோழிக்கு ஒரு கால் இருக்காது. ஒரு கோழிக்கு ஒரு சாண் கம்பு போதும். காற்றோட்டத்தை மட்டும் அடைத்துவிடாதீர்கள். பயத்தில் நான்கு பக்கமும் தகரம் அடித்து, ஜனவரி வெயிலில் கோழியை வேகவைத்தவர்களும் இருக்கிறார்கள். கம்புக்கு மேலே, கூரைக்குக் கீழே, இரண்டு பக்கம் திறப்பு விட்டு அதில் அரை அங்குல வலை போடுங்கள்.

குஞ்சுகளுக்குத் தனி ஏற்பாடு. தாயோடு ஆறு, ஏழு வாரம் வரை மேலேயும் வலை போட்ட தனிக் கூண்டில் இருக்கட்டும். ஊரில் நம் பாட்டிகள் பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூடியது இதற்காகத்தான். இரவில் பஞ்சாரம் மட்டும் போதாது, எலி மண்ணைக் குடைந்து உள்ளே போகும். ஆனால் பகலில் வல்லூறுக்கும் பூனைக்கும் அது போதும்.

தீனியை மாலையில் எடுத்துவிடுங்கள். மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள், பிளாஸ்டிக் வாளியை எலி ஓட்டை போட்டுவிடும். ஒரு கோழி ஒரு நாளைக்கு 110 முதல் 120 கிராம் வரைதான் தின்னும், மிச்சம் சிந்துவது எலிக்கு. இரவு முழுக்க பல்பு எரிய விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கரெண்ட் பில்தான் ஏறும். நாய்க்கு வெளிச்சம் ஒரு பொருட்டே இல்லை.

புயலுக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். கூரைத் தகரத்தின் மேல் குறுக்கே கனக் கம்பி போட்டு, இரண்டு முனையையும் தரையில் சிமெண்டில் பதித்த வளையத்தில் கட்டிவிடுங்கள். இரண்டாம் நிலைப் புயல் எச்சரிக்கை வரும்போதே கோழியைக் கூடையில் போட்டு வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ கொண்டுவந்துவிடுங்கள், மூன்றாவது வரை காத்திருக்காதீர்கள். புயல் ஓய்ந்ததும் கோழியைத் திரும்ப விடுவதற்கு முன் கூண்டை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். ஒரு மூலையில் வலை விட்டிருந்தாலும் அன்றிரவே நாய் கண்டுபிடித்துவிடும்.

பக்கத்து வீட்டு நாய்

இரவில் அவிழ்த்துவிடும் நாய்கள் பக்கத்து வீட்டில் இரண்டு இருக்கின்றன, ஆனால் அவை செய்ததை யாரும் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வக்கீல் அல்ல, இதுபோன்ற விஷயங்களில் சான்றிதழ் எழுதிக் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன். நம் சிவில் சட்டத்தின் 1385-ஆம் பிரிவின்படி, ஒரு விலங்கு செய்த சேதத்துக்கு அதன் சொந்தக்காரர் பொறுப்பு, அது கட்டிலிருந்து தப்பி ஓடியிருந்தாலும் சரி. ஆக உங்களுக்கு உரிமை உண்டு. ஆதாரம்தான் இல்லை. நான்கு நாட்டுக்கோழிக்காக நீதிமன்றம் போய் நிற்பது உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்பது வேறு கேள்வி.

என் யோசனை: கோபம் ஆறிய ஒரு நாளில், மகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள். 'உங்கள் நாய்தான் செய்தது' என்று தொடங்காமல், 'எங்கள் கோழி இப்படிச் செத்துக் கிடந்தது, இரவில் நாயைக் கட்டிவைக்க முடியுமா?' என்று கேளுங்கள். படம் இருந்தால் காட்டுங்கள். தெருநாயாகவும் இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள். தெருநாய்த் தொல்லை என்றால் அதைக் கவனிக்க அரசின் விலங்கு நல அமைப்பு இருக்கிறது, அங்கே புகார் கொடுக்கலாம். மறுபடி நடந்தால் செத்த கோழியை உடனே புதைக்காமல் படம் எடுத்து, அன்றே ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டிக் கடிக்காயம் என்று எழுதி வாங்குங்கள். பேச்சுக்குப் போனாலும் வழக்குக்குப் போனாலும் அந்தத் தாள்தான் உங்கள் பக்கம் நிற்கும்.

காயம்பட்ட பெட்டை

கழுத்தில் கடிபட்டுத் தப்பிய கோழிக்கு மஞ்சளை அரைத்து அப்பியிருக்கிறீர்கள். மேலோட்டமான கீறலுக்குப் பரவாயில்லை. பல் இறங்கிய காயம் வெளியே சின்னதாகத் தெரியும், உள்ளே ஆழமாக இருக்கும். மேலே அப்பினால் உள்ளே சீழ் கட்டும். மஞ்சளை மெதுவாக நனைத்து எடுத்துவிடுங்கள். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் காயத்துக்குள் பீச்சிக் கழுவுங்கள். காலை, மாலை இரண்டு வேளை. சுற்றியுள்ள இறகைக் கத்தரித்துவிடுங்கள். மற்றக் கோழிகளிடமிருந்து பிரித்து, ஈ வராத இடத்தில் வையுங்கள். ரத்தம் தெரிந்தால் கூடப் பிறந்ததே கொத்திவிடும். கெட்ட வாடை வந்தாலோ, புழு தெரிந்தாலோ, ஒரு நாள் முழுக்கத் தீனி எடுக்காவிட்டாலோ கொண்டுபோய்க் காட்டுங்கள். மனிதருக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள். அது முட்டையில் இறங்கும், அந்த முட்டையைப் பேரப்பிள்ளை தின்னும்.

மிச்சக் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். பயந்த கோழி ஓரிரு வாரம் முட்டை இடாது. பிறகு தானாக வரும். அதற்கு மேலும் வராவிட்டால், அதோடு பச்சையாகக் கழிந்தாலோ கழுத்து திருகினாலோ, அது பயமல்ல, வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். அப்போது உடனே சொல்லுங்கள்.

நம் தீவில் வெறிநோய் இல்லை, அந்த பயம் வேண்டாம். ஆனால் கூண்டுக்குள் எலி நடமாட்டம் இருந்தால் அதன் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் வரும். கூண்டு கழுவும்போது வெறுங்காலில் நிற்காதீர்கள். கழுவிய பின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

புதுக் குஞ்சு எப்போது வாங்கலாம் என்ற கேள்விக்கு: வலையும் பாவாடையும் தாழ்ப்பாளும் முடிந்து, சாம்பல் தூவிப் பார்த்ததில் இரண்டு வாரம் கூண்டுக்குள் எந்தத் தடமும் விழாத பிறகு. சந்தையில் வாங்கியதை நேராகப் பழைய கோழிகளோடு விடாமல் மூன்று, நான்கு வாரம் தள்ளி வையுங்கள். வெள்ளைக்கழிச்சலுக்கும் கோழி அம்மைக்கும் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். தெரியாது என்றால் என்னிடமோ உங்கள் பக்கத்துக் கால்நடை அலுவலகத்திலோ கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். முனீஸ்வரனுக்கான சேவலை மட்டும் இந்த முறை நேர்ந்துவிட்டது என்று ஊருக்குச் சொல்லாமல் வளருங்கள்.